கொழும்பில் இருந்த தம்பி

வாடிக்கைக்காரர் மக்கீனின் வேனில் வெக்யூம் பம்ப்பைப் பொருத்தி ஓடவிட்டு, யோகராஜ் பிளேன்டீயைக் கையில் எடுத்தபோது கைபேசி அதிர்ந்தது. அக்கா.

காலையிலிருந்தே அந்த வேனோடுதான் மல்லுக்கட்டு. டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி, காஸ் ஒழுகிக்கொண்டிருந்த கூலிங் கொயிலை மாற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியாகிவிட்டது. இனி ஏ.சி. குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் உறிஞ்சி எடுக்கும்வரை அவனுக்கு வேலை எதுவும் இல்லை. கேஜின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"தம்பி, மூச்சு வாங்குதுடா. போன தடவ மாதிரி ஒரு வண்டி எடுத்துக்கிட்டு வர்றியா? ஓட்டோவில குலுங்கினா தாங்க மாட்டேன் போல இருக்கு."

நல்லம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு. நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் புருஷன் கறுப்பையாவோடும் மகள் டிலானியோடும் இருந்தாள். மூச்சு முட்டும்போதெல்லாம் கெலிஓயாவில் கராஜ் வைத்திருக்கும் தம்பியைத்தான் கூப்பிடுவாள். அவனும் யாருடைய வண்டியையாவது இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுவான். ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே அவளுக்குச் சுகமாகிவிடும். "ஒன்ன பாத்ததும் சரியாயிருச்சு" என்று சிரிப்பாள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவனுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, நான் கொழும்புல இருக்கேன். சாமான் எடுக்க வந்தேன். ராவாயிரும்."

பொய் தானாகவே வந்தது. கையிலிருந்த தேநீர்கூடத் தளும்பவில்லை. வெளியே ரோட்டில் ஒரு பஸ் நின்று, நடத்துனர் கத்திக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "சரிப்பா. நீ வேலய பாரு" என்றாள். வைத்துவிட்டாள்.

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். முள் நன்றாக இறங்கியிருந்தது. பம்ப்பை நிறுத்தி, முள் நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். நின்றது. ஒழுக்கு இல்லை. அந்தத் திருப்தியில் இருக்கும்போதுதான் டிலானி அழைத்தாள்.

"மாமா... அம்மா போயிருச்சு மாமா. ஓட்டோவிலயே... ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல. ரோட்டுலயே..."

"இந்தா வர்றேன்" என்று எழுந்தான்.

"பதறாம வாங்க மாமா. கொழும்புலருந்து அம்புட்டுத் தூரம் வரணும்."

கையைக்கூடக் கழுவாமல் கராஜை விட்டு இறங்கி ரோட்டுக்கு ஓடினான். நாவலப்பிட்டி பஸ் வந்து நின்றது. கம்பியில் கை வைத்தவன் காலை எடுத்து வைக்கவில்லை. இப்போது ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் லயத்து வாசலில் நிற்பான். கொழும்பிலிருந்து எவனும் ஒரு மணித்தியாலத்தில் வருவதில்லை. நடத்துனர் சிங்களத்தில் ஏதோ திட்டிவிட்டு மணியடித்தார். பஸ் போய்விட்டது.

யோகராஜ் கராஜுக்குத் திரும்பினான். பொழுதைப் போக்கவேண்டியிருந்தது. செய்வதற்கு இருந்தது ஒரே வேலைதான். மக்கீனின் வேனுக்குக் காஸ் அடித்தான்.

மாலையில், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மக்கீன் வந்து, ஏ.சி.யைப் போட்டு முகத்தை அதன் முன்னால் நீட்டிப் பார்த்தார். சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கும் மனிதர். அன்று கண்டியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"மாஷா அல்லாஹ்! ஐஸ் மாதிரி இருக்கே தம்பி. என்ன, முகம் ஒரு மாதிரி?"

"எங்கக்கா எறந்துட்டாங்க, நானா."

மக்கீன் ஏ.சி.யை அணைத்தார். "எப்ப?"

"இப்பத்தான் சொன்னாங்க" என்றான் யோகராஜ். அதுவும் பொய்.

இருட்டுகிற நேரத்தில் அவன் லயத்தை அடைந்தபோது வாசலில் நின்ற பெண்கள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். "கொழும்புலருந்து ஓடியாந்தியே ராசா, ஒரு வாய் தண்ணி குடிச்சியா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி சுடச்சுடக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வெகு தூரம் வந்தவன் என்று அவனுக்கு மட்டும் கதிரை போட்டார்கள். அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தான். முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெட்டியில் தோட்டத்து ரோட்டின் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே, கீழ் ரோட்டில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்பதைக் கண்டான். மக்கீனின் வேன். நுவரெலியாவில் ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, படிகளைக்கூடப் பார்க்காமல் இறங்கி ஓடினான். மேலே நின்றவர்கள், வந்தவரை வரவேற்கத்தான் ஓடுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

"நானா, ஒரு உதவி. நேத்து நான் கராஜுல இருந்தேன்னு இங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

மக்கீனுக்கு விளங்கவில்லை. "ஏன்?"

"கொழும்புல இருந்தேன்னு சொல்லிட்டேன். அக்கா வரச் சொல்லிக் கேட்டப்ப."

மக்கீன் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ட வேனுக்காகவா?" என்றார்.

"இல்ல, நானா. அப்ப வேல ஒண்ணுமே இருக்கல. பம்ப்தான் ஓடிக்கிட்டு இருந்திச்சு."

"மையத்து கெடக்கிற வீட்டுல நான் ஒண்டும் சொல்ல மாட்டேன் தம்பி" என்று மக்கீன் முன்னால் படியேறினார். போய் ஓரமாக உட்கார்ந்தவர், கொடுத்த சோடாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், வாய் வைக்கவில்லை.

யோகராஜ் மேலே வந்தபோது கறுப்பையா லயத்தின் ஓரத்துக் கோடிப்புறத்தில் தனியாக நின்றிருந்தார். நின்ற இடத்திலிருந்து கீழ் ரோடு தெளிவாகத் தெரிந்தது.

"அந்தப் பெரியவர்கிட்ட என்னா கேட்ட, மாப்ள?"

"ஒண்ணுமில்ல, அத்தான்."

"சொல்லாதீங்கன்னு கேட்டியா?"

யோகராஜ் கீழே நின்ற வேனைப் பார்த்தான்.

"ஒங்கக்காவுக்குத் தெரியும்" என்றார் கறுப்பையா. குரலை உயர்த்தவில்லை. "போன வச்சிட்டு என்னையப் பாத்திச்சு. 'போன்ல பஸ்காரன் கெலிஓயா எறங்கு, கெலிஓயா எறங்குன்னு கத்துறான், இவன் கொழும்புங்கிறான்'னு சொல்லிச்சு. நான் திட்டத் தொடங்கினேன். வேணான்னிருச்சு. 'அவனுக்கும் சலிச்சுப் போயிருக்கும். நாலு பேரு கேட்டா கொழும்புலன்னே சொல்லுங்க. தோட்டத்துல அவனை ஒண்ணும் பேசிறக் கூடாது'ன்னிச்சு. அதுக்குப் பொறகுதான் ஓட்டோவுக்கு ஆள் அனுப்பினோம்."

"அத்தான்..."

"சொல்லச் சொன்னதைத்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். எம்புள்ளைக்குக்கூடத் தெரியாது." தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார். "வா. பொறந்த வீட்டுக் கோடிச் சேலைய நீதான் போடணும். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சிவப்புச் சேலையை அவன் போர்த்தினான். மொடமொடப்பான புதுச்சேலை, படியாமல் விறைத்து நின்றது. டிலானி வந்து ஓரங்களை அமுக்கி விட்டுவிட்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நீங்க இருந்திருந்தா அம்மா பொழைச்சிருக்கும் மாமா" என்றாள். அவன் அவளைத் தட்டிக்கொடுத்தான்.

தேயிலை மலையின் சரிவில், மழையில் நனைந்த மயானத்தில் பெட்டியை இறக்கினார்கள். தோட்டத்துத் தலைவர் பெரியதம்பி ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். எந்தச் சாவிலும் நன்றி சொல்வது அவர்தான். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு, தப்படித்தவர்களுக்கு, குழி வெட்டியவர்களுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர் யோகராஜின் பக்கம் திரும்பினார்.

"அக்கா போன செய்தி கேட்டதும், கொழும்பிலே தான் செய்துகொண்டிருந்த வேலையையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, பசியும் பாராமல் ஓடோடி வந்த அன்புத் தம்பி யோகராஜ் அவர்களுக்கும், இந்தத் தோட்ட மக்கள் சார்பாக எங்களுடைய நன்றியைத் தெரிவித்துக்கொள்கின்றோம்."

எதிர் மலையில் பட்டு அந்தப் பெயர் திரும்பி வந்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்னால் நின்ற மக்கீன் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோகராஜ் வாயைத் திறந்தான். "அண்ணே, நான் கொழும்..."

கறுப்பையாவின் கை அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. அவர் முகம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மண்ண போடு, மாப்ள."

யோகராஜ் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவன் குழியின் ஓரத்திலேயே நின்றான். பின்னாலிருந்து யாரோ மெதுவாகத் தள்ளியபோது விரல்களை விரித்தான். ஈரமண், பாதிக்கு மேல் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.