குழியில் விட்ட பெயர்

மூத்தவர் பாடைக் கயிற்றை இன்னொரு சுற்று இழுத்து இறுக்கினார். மூங்கில் கிறீச்சிட்டது.

"போதும்பா. அவன் எங்க எழுந்து ஓடப் போறான்?" என்றார் அந்த மலையூருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கோவிந்தன்.

"ஓடுவான். ஓடறதுல அவன் கெட்டிக்காரன்."

பாடையில் கிடந்தவன் மூத்தவரின் ஒரே தம்பி. ஈரல் கெட்டு, விடியற்காலையில் போய்ச் சேர்ந்தான். பக்கத்தில் அவனுடைய டிரங்குப் பெட்டி. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் சக்கரவர்த்தி என்று எழுதியிருந்தது.

அது மூத்தவரின் பெயர். கூத்தில் ராஜா வேஷம் கட்டிய அப்பன் ஆசை ஆசையாக வைத்தது. செத்தவனுக்கு வைத்த பெயர் சின்னராசு.

வாலிபத்தில் மூத்தவர் போளூர் ஹாஸ்டலில் கிடந்து எட்டாவது பாஸ் பண்ணினார். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மெட்ராஸ் போகக் காத்திருந்தார். அவர் காய்ச்சலில் படுத்த வாரம், ஐந்தாவது தாண்டாத தம்பி அந்த சர்டிபிகேட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு மலை இறங்கிவிட்டான். களவாணிப் பயல்! சக்கரவர்த்தி என்று சொல்லிக் கடற்படையில் சேர்ந்தான். போலீஸுக்குக் கிளம்பிய மூத்தவரின் காலை அம்மா கட்டிக்கொண்டாள். அவர் சாமை விதைத்தார், புளி உலுக்கினார். ஃபாரஸ்டில் வாட்சர் வேலைக்குக்கூட சர்டிபிகேட் கேட்டார்கள். எதைக் காட்டுவார்? போகப்போக ஊரும் வாயை மாற்றிக்கொண்டது. சக்கரவர்த்தி என்றால் கப்பல்காரன், இவர் வெறும் மூத்தவர்.

முதல் லீவில் பிஸ்கட் டப்பாவோடு வந்தவனை மடக்கிக் கேட்டார். அவன் சிரித்தான்.

"இன்னாண்ணா, இதுக்குப் போய்! ஏரோப்ளேன் எறங்கற எங்க கப்பல வெள்ளக்காரன் கட்டுனப்ப ஹெர்குலிஸ்னு பேரு. சண்ட முடிஞ்சிடுச்சின்னு பாதில போட்டுட்டான். நம்ப சர்க்காரு வாங்கி விக்ராந்த்னு வச்சாங்க. இப்ப எவன் பழைய பேரக் கேக்கறான்?"

அன்றைக்கு எரிந்த வயிறு மூத்தவருக்கு இன்னும் அணையவில்லை.

அவன் ரிடையராகி வந்து, சந்தவாசல் பெண் சம்பூர்ணத்தைக் கட்டிக்கொண்டு, எதிர் வீட்டிலேயே குடியிருந்தான். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. நேற்றுச் சாயங்காலம்தான் அவன் கூப்பிட்டு அனுப்பினான். ரேடியோவில், கடற்படைக்குப் புதுசாக வாங்கி வந்த கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் பழைய பெயரை எடுத்துவிட்டு விராட் என்று வைத்திருக்கிறார்களாம்.

"அண்ணா, ஒரே பேர்ல ரெண்டு கப்பல் மெதக்க வுடமாட்டாங்க. பழசு ஒடைப்புக்குப் போய்ட்டா, அந்தப் பேரு புதுசுக்கு வரும். நான் போய்ட்டா உன் பேரு உனக்குத் திரும்பிடும்." மூச்சு வாங்கிக்கொண்டான். "குழியில என்ன சின்னராசுன்னு கூப்புடு. வேற பேரச் சொன்னா அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீர் கேட்டான், மூத்தவர் கொடுத்தார்.

அவர்கள் ஊரில் அது கட்டாயம். மண் தள்ளுமுன் மூத்த பங்காளி குழிக்குள் குனிந்து, செத்தவனை மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முன்னால் போனவர்கள் அதைக் கேட்டு வந்து அழைத்துப் போவார்கள். அப்படிக் குழியில் விட்ட பெயரைச் சொல்லி, அப்புறம் அந்த ஊரில் எந்த உயிரையும் கூப்பிடக் கூடாது.

பாடை தூக்கினார்கள். ஊர் எல்லைவரை வந்த சம்பூர்ணம் மூத்தவரின் முன்னால் கைகூப்பினாள்.

"மாமா, அவரு கேட்டபடியே சொல்லிடுங்க. ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னுதான் பொலம்பிச்சி."

"பேரு சொல்லாம வுடமாட்டேன்மா. நீ போ."

குழி வெட்ட இடம் காட்டியதும் மூத்தவர்தான். அம்மாவின் கல்லை ஒட்டியே காட்டியிருந்தார். மனசு மாறிவிட்டது என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள். உடம்பை இறக்கி, துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். மூத்தவர் முழங்காலிட்டுக் குனிந்தார். அம்மாவின் கல் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. படுடா, பக்கத்திலேயே படு, அவள் உன்னைத் தேடிக்கொண்டே இருக்கட்டும். நினைக்கும்போதே நெஞ்சு குளிர்ந்தது.

"சக்கரவர்த்தி!"

கோவிந்தன் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார். "டேய், அது உன் பேருடா! இன்னா பண்றே? அப்புறம் சாவற வரைக்கும் உனக்குப் பேரு கெடையாது!"

"அவன் ஆசப்பட்டு எடுத்துக்குன பேருதானே? எடுத்துக்குனு போவட்டும்."

இரண்டாம் தரமும் கூப்பிட்டார். காறித் துப்பிவிட்டு, மூன்றாம் தரம் சத்தமாகவே கூப்பிட்டார். முதல் பிடி மண்ணையும் அவரே போட்டார்.

திரும்பும் வழியில், ஓடையில் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, வேர்த்து விறுவிறுத்து ஒரு ஆள் மேட்டில் ஏறி வந்தார். கையில் சாமந்தி மாலை, சந்தவாசல் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும்.

"சக்கரவர்த்திய ஒடம்புக்குப் பாக்க வந்தேங்க, சாவுன்னு சந்தவாசல்லதான் சொன்னாங்க. என் பேரு சுப்பிரமணி, கப்பல்ல அவன்கூட இருந்தவன். எடுத்துட்டீங்களா?"

"பொதைச்சிட்டுத்தான் வர்றோம்," என்றார் கோவிந்தன்.

சுப்பிரமணி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல மனுசங்க. எப்பவாவது தண்ணி போட்டான்னா டெக்குல போய் நின்னுக்குவான். கடலப் பாத்து, சின்னராசு, சின்னராசுன்னு கத்துவான். அவங்கம்மா கூப்புடற மாதிரியே இழுத்துக் கூப்புடுவான். யார்றா அதுன்னா, ஊர்ல வுட்டுட்டு வந்த தம்பிம்பான்."

சுப்பிரமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூத்தவரிடம் வந்ததும் அவர் கண் நின்றது. அதே நெற்றி, அதே மூக்கு.

"அந்தச் சின்னராசு நீங்கதானே?"

தன் பெயரைச் சொல்ல மூத்தவர் வாயைத் திறந்தார்; அது குழியில் கிடந்தது. கோவிந்தன் வேறு பக்கம் பார்த்தார். சுப்பிரமணி எழுந்து வந்து, மாலையை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே போட்டுடுங்க, சின்னராசு."

மூத்தவர் அதை வாங்கிக்கொண்டார். அவருடைய நகக்கண்ணில் இருந்த மண் இன்னும் போகவில்லை.