காய்க்குள் புழு, திரையில் பச்சை

எல்லோரும் சௌக்கியமா? இருமல், ஜலதோஷம் எல்லாம் குறைந்ததா? இங்கே கல்கத்தா லேக் கார்டன்ஸில் தை மாதக் குளிர் இன்னும் விடவில்லை.

என் பேரன் உதய்க்கு வீட்டிலிருந்தே வேலை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக் காடுகளில் கம்பம் நட்டு, செடியின் பச்சையை அளக்கும் சென்சார் வைத்திருக்கிறார்கள். அதைத் திரையில் பார்த்துப் பதிவது இவன் வேலை; பயிர்க் காப்பீட்டுக்கு அந்த அளவுதான் வேதம். சந்தேகம் வந்தால் நேரில் பார்க்க ஆள் அனுப்பலாம். ஆனால் இந்தப் போகம் முழுக்க ஒருவரைக்கூட அனுப்பாமல் முடித்தால் உதய்க்கு டீம் லீட் பதவி.

போன செவ்வாய்க்கிழமை செல்லமுத்து என்ற விவசாயி கூப்பிட்டார். உதய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லுச்சிப் பூரி தின்றுகொண்டிருந்தான்.

“தம்பி, காயெல்லாம் புழுங்க. ஒரு ஆள அனுப்புங்க, ஒத்தக் காயப் பொளந்து பாக்கட்டும்.”

“ஐயா, ஸ்க்ரீன்ல உங்க வயல்தான் ஜில்லாவுலயே நல்ல பச்சை.”

“இலை பச்சைதான். காய் கொட்டுனா செடி இன்னும் மதமதன்னு தழைக்கும். கல்கத்தாவுல இலைய அடச்சா மெத்தை தைக்கிறீங்க?”

உதய் மியூட்டைத் தட்டி, இன்னொரு லைனில் இருந்த வசுந்தராவிடம் சிரித்தான். இதே ஊரில் பெஹாலாப் பக்கத்துப் பெண். அவளும் அதே ஆபீஸ்.

“வசு, கேட்டியா? மெஷினுக்கே பாடம் எடுக்கறார்.”

“அவர் சொல்றது சரிடா. புழு காய்க்குள்ள இருக்கு. சென்சாருக்கு இலைதான் தெரியும். ஆள அனுப்பு.”

“அனுப்பிட்டு? டீம் லீட்ட நீ தூக்கிண்டு போறதுக்கா?”

மியூட்டை எடுத்தான். “ஐயா, பயிர் ஆரோக்கியம்னு போட்டுட்டேன். நிம்மதியா இருங்கோ.”

சனிக்கிழமை அந்த வயல் திரையில் சிவப்பாகிவிட்டது. உதய் பதறிப்போய்க் கூப்பிட்டான்.

“என்னய்யா ஆச்சு? பச்சையே காணோம்!”

“டிராக்டர் விட்டு மடக்கி உழுதுட்டேன் தம்பி. விட்டா புழு பக்கத்துக் காட்டுக்கும் போயிரும்ல. இப்பவாவது உங்க மிஷினுக்குத் தெரியுதா? ஆள் வருவாங்கல்ல?”

உதய்க்கு மூச்சு திரும்பியது.

“எதுக்கு? நீங்களே அழிச்ச பயிருக்கு காப்பீடு கிடையாது. ரூல் இருக்கு.”

போனை வைத்து, ‘விவசாயியே அழித்தது’ என்று தட்டினான். போகம் முடிந்தது. யாரையும் அனுப்பவில்லை.

நேற்று பதவி வந்துவிட்டது. காளிகாட்டிலிருந்து வெல்லப்பாகு சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தான். நானும் இரண்டு தின்றேன், பொய் சொல்வானேன். நடுவில் செல்லமுத்து கூப்பிட்டார். உதய் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, “இன்னொண்ணு எடுத்துக்கோ பாட்டி” என்றான்.

உங்கள் பக்கத்திலும் மெஷின் பேச்சு எடுபட்டு மனுஷன் பேச்சு எடுபடாமல் போனதுண்டா? ஒளிக்காமல் எழுதுங்கள்.