விசிறியில் இல்லாத பெயர்

“பிள்ளைங்க எத்தனைன்னு போடட்டும்?” என்று கேட்டுவிட்டு விசிறிக் கடைக்காரர் பேனாவை மூடிக்கொண்டார். பதில் வருவதற்குள் மை காய்ந்துவிடும் என்று பட்டது போலும்.

நாய்ங் வாசலை ஒருமுறை பார்த்தான். மாண்டலேயில் சாவுக்கு வருகிறவர் கையில் ஒரு காகித விசிறி கொடுத்தாக வேண்டும். போனவர் பெயர், வயது, மனைவி மக்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஏழு வருஷம் முன்பு போன பக்கத்து வீட்டுக்காரரை வீசி இன்றும் அடுப்பு மூட்டுகிறவர்கள் அந்தத் தெருவில் உண்டு.

“ஒண்ணு.”

“எனக்குத் தெரிஞ்சு உங்கப்பாவுக்கு ரெண்டு.”

“நீங்க பேப்பர் படிக்கிறதில்லையாண்ணே?”

“படிச்சேன் தம்பி. அதான் கேக்கிறேன்.”

‘மகள் யமின் இன்று முதல் எங்கள் மகள் அல்ல’ என்று அப்பா ஊ பா ஷெய்ன் போன வருஷம் விளம்பரம் கொடுத்தார். கொடுக்காவிட்டால் ராணுவம் வீட்டுக்குச் சீல் வைக்கும். அன்றைய பேப்பரில் இந்த மாதிரி விளம்பரம் குவிந்து, கால்பந்துச் செய்திக்கே இடமில்லாமல் போயிற்று. யமினுக்கு இருபத்திரண்டு வயது. ராணுவ ஆட்சியை எதிர்த்து எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டுங்கள் என்று அவள் ஃபேஸ்புக்கில் எழுதினால் எட்டேகாலுக்கு ஊரில் நசுங்காத பாத்திரம் இருக்காது. ராணுவம் தேடிக்கொண்டே இருந்தது. அப்பாவோ, பூனைப் படம் வைத்த பொய்ப் பெயரில், அவள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை அந்த இதயம் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் காலை விசிறிக் கட்டு வந்தது. அம்மா மியா யி ஒன்றை உருவி, ‘மகன் நாய்ங்’ என்ற வரிக்குக் கீழே வெறும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். திரும்பக் கட்டுக்குள் செருகினாள். திட்டியிருந்தால் நாய்ங்குக்குச் சோறு இறங்கியிருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு அவன் போனில் யமினின் பதிவு வந்தது. ‘இரண்டு மணிக்கு என் அப்பாவுக்குச் சுடுகாடு. மகள் போக முடியாது. மகளாக யாராவது போய் நில்லுங்கள்.’

“அப்பா சாவுக்கும் ஆள் திரட்டுறாம்மா இவ. வந்து தொலைச்சான்னா?”

“வர மாட்டா,” என்றாள் அம்மா. குரல் அதை நம்பவில்லை.

சுடுகாட்டில் வார்டுத் தலைவர் ஊ சோ லின் முன்னமே நின்றார். மூன்று தெரு தாண்டி முட்டை பொரித்தால் யார் வீட்டு முட்டை என்று சொல்லும் மூக்கு அவருக்கு. பக்கத்தில் சாதாரண உடையில் நாலு பேர். காலில் மட்டும் ராணுவ பூட்ஸ்.

இரண்டு மணிக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பத்து, ஐம்பது, நூறு. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, முகக்கவசம், இருபத்திரண்டு வயது. ஆளுக்கொரு விசிறி வாங்கிக்கொண்டார்கள். தலைவர் படம் எடுக்கப் போனைத் தூக்கினார். அத்தனை விசிறியும் முகத்துக்கு ஏறின. அவர் திரையில் நூறு தடவை ஊ பா ஷெய்ன், வயது அறுபத்தாறு.

“விசிறிய எறக்குங்க.”

“வெயில் ஐயா.”

“அழுத மூஞ்சி படத்துல நல்லா இருக்காது ஐயா,” என்றது இன்னொரு விசிறி.

தலைவர் அம்மாவிடம் வந்தார். “இதுல உங்க மக யாரு?”

“எனக்கு மகன் மட்டுந்தான் ஐயா,” என்றாள் அம்மா. “விசிறியில போட்டிருக்கே, பாருங்க.”

அவர் திருப்பிப் பார்த்தார். போட்டிருந்தது.

பெண்கள் வரிசையாகச் சவப்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள். கடைசியிலிருந்து மூன்றாவதாக ஒரு கை வந்தது. இடது கட்டைவிரல் நகம் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. அவளுக்கு ஆறு வயதில் அந்த விரலைக் கதவில் நசுக்கியவன் நாய்ங்தான்.

நிமிர்ந்தால் பூட்ஸ்காரர்களின் எட்டுக் கண்ணும் கூடவே நிமிரும். அவன் தன் செருப்பின் வாரைப் பார்த்தான். அம்மா, தோடு தொலைத்தவள் மாதிரி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மற்றக் கைகளைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெட்டியின் மேல் இருந்தது. பிறகு விலகியது. வெளியே பெண்களை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் திசைக்கொன்றாகக் கிளம்பின. பின்னாலேயே பூட்ஸ்கள் ஓடின.

போனவர் ஆவி வந்துபோக ஏழு நாள் வாசல் திறந்திருக்க வேண்டும். சாத்திவிடலாம் என்று காலையில் கெஞ்சிய நாய்ங்கே வீடு திரும்பியதும் கதவுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். இரண்டு பேரும் கதவுக்கு நேரே உட்கார்ந்தார்கள்.

“நீ யாரையாவது பாத்தியா?”

“இல்லம்மா.”

“நானும் பாக்கல.”

கரண்ட் வந்து, தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தும் இருவர் கையிலும் காகித விசிறி ஆடிக்கொண்டே இருந்தது. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போது மட்டும் இரண்டும் நின்றன. சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி ஆடின.