ஸ்பிரிங்குக்கு அடியில்

எட்டு மாதமாக யாரும் கை வைக்காத பைக் இன்ஜின் மேலிருந்த தார்ப்பாயைத் தங்கை இழுத்துவிட்டாள்.

"இன்னிக்குப் பிரிச்சிடுண்ணா. பந்தயத்துல அவரு கியரைத் தப்பாப் போட்டுத்தான் இன்ஜின் இறுகி விழுந்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க. மாமியார் என் பிள்ளைகிட்டயே சொல்றாங்க, உங்கப்பன் அவசரக்காரன்னு."

"பிரிச்சா மாப்பிள்ளை திரும்பி வந்துடுவாரா?"

"வரமாட்டாரு. பழியாவது போகுமில்ல?"

அண்ணன் கருவிப்பெட்டியை இழுத்துத் திறந்தான். பந்தய இன்ஜின் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். இப்போது அந்தப் பேச்சைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறான். வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டுக்கு 'கேம்' என்று பெயர்; மாப்பிள்ளை கேட்ட கேம், வால்வை வழக்கத்தைவிட ஆழமாகத் தள்ளுவது. வால்வைத் திரும்ப மூடும் ஸ்பிரிங் அவ்வளவுக்கும் அமுங்க வேண்டும். அமுங்கிய பிறகும் சுருளுக்குச் சுருள் கொஞ்சம் இடைவெளி மிஞ்ச வேண்டும். முட்டிக்கொண்டால், ஓடுகிற வேகத்தில் ஏதாவது ஒன்று உடைந்து இன்ஜின் இறுகியே தீரும். புது ஸ்பிரிங் வரத் தாமதமானதால் பழையதற்கு அடியில் ஒரு வளையம் வைத்து விறைப்பு ஏற்றினான். போதாதென்று இன்னொன்றும் வைத்துப் பார்த்தான். சுருள்கள் முட்டின. சரிப்படாது என்று ஸ்பிரிங்கைத் திரும்பக் கழற்றினான். அதுவரை நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று, "என்ன மச்சான், பொண்ணுக்கு அலங்காரம் இன்னும் முடியலையா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அந்த இரண்டாவது வளையத்தை எடுத்தானா, இல்லையா? சிரிப்பு மட்டும் மனதில் நிற்கிறது, கை செய்த வேலை நிற்கவில்லை. இப்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கி அடியில் பார்க்கிறான். என்னத்தைத் தேடுறீங்க என்று கேட்டுக் கேட்டு மனைவி அலுத்துவிட்டாள்.

தங்கை டார்ச்சைப் பிடித்தாள். அவன் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை அமுக்கும் கிளாம்பை மாட்டினான்.

"அதுக்கு அடியில என்ன இருக்கும்?"

"ஒரு வளையம். ஒண்ணே ஒண்ணு."

"கூட இருந்தா?"

கை நின்றது. "கூட இருந்தா தப்பு மாப்பிள்ளை மேல இல்ல."

அவள் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். ஸ்பிரிங் வெளியே வந்தது. அவள் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுதாண்ணா இருக்கு." குரல் உடைந்துவிட்டது. "அப்ப அவரு பண்ணதுதான்." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "போதும். மூடிடு."

அவன் வளையத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். பார்வைக்கு ஒன்றுதான். விரலுக்கு அதன் தடிமன் தெரிந்துவிட்டது. ஒரு கணம் கையை மூடிக்கொண்டான். தங்கை டார்ச்சை அணைக்கப் போனாள்.

"இரு, அணைக்காத. இங்க பாரு."

கையை விரித்து, கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து அழுத்தினான். மேல் வளையம் எண்ணெயில் மெல்ல வழுக்கி விலக, அடியில் ஒட்டியிருந்த இன்னொன்று டார்ச் வெளிச்சத்தில் பிறையளவு தெரியத் தொடங்கியது.