முழங்கால் என்று எழுத முடியாது

ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தார். உண்மையில் அரிப்பு. அது இருந்த இடத்தை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவர் குடும்பத்தில் நாலு தலைமுறையாகக் கிடையாது. படர்தாமரைக் களிம்பு வாங்கக்கூட நாலு தெரு தள்ளி, முகம் தெரியாத மருந்துக் கடைக்குப் போனார். பதினேழு டியூப் தீர்ந்தது. சிவந்த திட்டு தீரவில்லை.

மகன் பாசக்காரன். முழங்காலுக்கு மூன்று முறை எக்ஸ்ரே எடுக்க வைத்தான்.

"அம்மா, முட்டி இருபது வயசுப் பொண்ணு முட்டி மாதிரி இருக்காம்."

"அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றார்.

குட்டு உடைந்தது மருமகளிடம். துவைக்கப் போட்ட உள்பாவாடையில் ரத்தக் கறை.

"அத்தை, முட்டியிலேருந்து இங்க ரத்தம் வராது. கிளம்புங்க."

பெண் டாக்டர் பார்த்தார். அரிசி அளவு தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பத்தாம் நாள் முடிவு வந்தது.

"படர்தாமரை இல்லம்மா. பெண்ணுறுப்போட வெளித்தோல்ல வர்ற புற்றுநோய். ரொம்ப அபூர்வம்."

அபூர்வம் என்றதும் தலைமையாசிரியை லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் எல்லோருக்கும் வருவது அவருக்கு வரவில்லை.

"இது கண்ணுக்குத் தெரியுற சிவப்போட நிக்காது. சுத்தித் தள்ளி வெட்டி எடுத்துட்டு, தொடைத் தோலை எடுத்து ஒட்டணும். விட்டா உள்ள இறங்கிடும், அப்புறம் உசிருக்கே ஆபத்து."

"வெட்டுங்க. ஆனா சீட்டுல முழங்கால்னு எழுதுங்க."

"முழங்கால்னு எழுதினா முழங்காலைத்தான் வெட்டுவாங்க."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையால் அல்ல.

சீட்டில் உள்ளபடியே எழுதினார்கள். ஊருக்கு மட்டும் முழங்கால். அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. வெட்டிய தோலின் ஓரங்களை அப்போதே சோதித்தார்கள். ஒரு பக்கம் இன்னும் நோய் இருக்கவே, மேலும் ஒரு விரலகலம் வெட்டினார்கள். உள்ளே இறங்கவில்லை. மறுபடி வரக்கூடியது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். தொடையில் பெரிய கட்டு. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் நியாயமாக நொண்டினார்.

ஐந்தாம் நாள் தங்கை ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தாள். நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்து அலமாரியில் கிடந்த பழைய களிம்பு டியூபைக் கையில் எடுத்தாள்.

"உனக்கும் இது கேக்கலையாக்கா?"

"உனக்கு எதுக்கு?"

"கால் விரல் இடுக்குல... சும்மா ஒரு வருஷமா."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை தலைமையாசிரியைக்குப் பழக்கமானது. கண்ணாடியில் தினமும் கண்டது.

இவளிடம் சொன்னால் சம்பந்தி வீடு வரை போகும். சொல்லாவிட்டால் இவளும் பதினேழு டியூப் வாங்குவாள்.

"கதவைச் சாத்தும்மா" என்றார் மருமகளிடம். பிறகு தங்கையிடம்: "என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல. ஒரு தடவைதான் சொல்லுவேன், கவனமாக் கேளு."

வகுப்பெடுக்கும் குரலில், நோயின் பெயரையும் இடத்தின் பெயரையும் முழுதாகச் சொன்னார்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியாச்சு. உனக்கு வெறும் படர்தாமரையாவே இருக்கட்டும். அதை டாக்டர் சொல்லட்டும். நாலு மணிக்கு வருவாங்க, இரு."

தங்கை டியூபை மறுபடி அலமாரியில் வைத்தாள். போகவில்லை.