ஊசி போட்ட ஆடுகள்

பெட்டையாட்டின் பிறப்புவழிக்குள் அஸ்கலேயின் கை மணிக்கட்டு வரை போயிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த கைபேசி அடித்தது. விரலில் குட்டியின் மூக்கு பட்டது. ஒரு முன்னங்கால் வந்திருந்தது. மற்றது பின்னால் மடங்கிக் கிடந்தது.

கணவன் தெபெபே கைபேசியை உருவிப் பேசினான். முகம் மாறியது.

"முலுயேவுக்கு வலி வந்துருச்சாம். உன்னத்தான் கேட்டு அழுவுறாளாம்."

"இன்னும் மூணு வாரம் கெடக்கே!"

"அது உள்ள இருக்கற புள்ளைக்குத் தெரியுமா?"

டெப்ரெ பிர்ஹான் நகரத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள். தலைப்பிரசவம். மென்ஸ் மலையில் வருஷம் முழுக்க ஆடுகள் ஒவ்வொன்றாக ஈன்று அஸ்கலேயைக் கட்டிப்போட்டிருந்தன. மகளின் கல்யாணத்தன்றுகூட, பந்தியிலிருந்து எழுந்து கொட்டிலுக்கு ஓடிவந்தவள் அவள். அதனால், எல்லாப் பெட்டைகளும் ஒன்றாகப் பருவத்துக்கு வர ஊசி இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னபோது, முந்திக்கொண்டு சரி சொன்னவளும் அவள்தான். ஒரே வயதுக் குட்டி என்றால் மொத்தமாக வாங்கும் லாரிக்காரன் வீடு தேடி வருவான் என்று தெபெபே சந்தோஷப்பட்டான். அவளுக்கு வேறு நினைப்பு. ஒரே வாரத்தில் ஈற்று முடிந்துவிடும். அப்புறம் மகள் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து கஞ்சி கிண்டிக் கொடுக்கலாம். ஒவ்வொரு ஆட்டின் கழுத்தையும் அவளே பிடித்துக் கொடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்கான பார்லி மாவு வறுத்து, வெண்ணெயோடு மூட்டையாகக் கதவோரம் காத்திருந்தது.

இப்போது கொட்டிலில் மூன்று குட்டிகள் ஈரம் காயாமல் நடுங்கின. ஒன்றை அதன் தாய் முட்டித் தள்ளியது. துணைக்குக் கூப்பிட ஆளில்லை. ஊரில் எல்லார் வீட்டிலும் அதே ஊசி, அதே வாரம்.

பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நாளுக்கு ஒரே பஸ்.

"நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றான் தெபெபே. பொய் இல்லை அது. ஆனால் சொன்னவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். ஏர் பிடித்துத் தடித்த கைகள். போன வருஷம் அந்தக் கை உள்ளே போன ஆடு பிழைக்கவில்லை.

"இந்தக் கால மட்டும் நிமித்திட்டுப் போயிடறேன். போன என் காதுல வைங்க."

அவன் மண்டியிட்டு வைத்தான். மறுமுனையில் இப்போது மகளே பேசினாள்.

"அம்மா... பஸ் ஏறிட்டியா?"

அஸ்கலேயின் விரல் மடங்கிய முழங்காலைத் தேடியது.

"மூச்ச விடுடி கண்ணு. முக்காத. இப்ப முக்காத."

"ஏறிட்டியாம்மா?"

கால் நிமிர்ந்தது. குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அதன் மேலிருந்து ஆவி எழுந்தது. ஹாரன் இன்னொரு முறை, நீளமாக. அவள் எழுந்து, கையை வைக்கோலில் துடைத்தபடி கதவு வரை போனாள். பின்னால், சுவரோரம் நின்ற பெட்டை ஒன்று ஈற்று வலியில் முன்னங்காலால் தரையைப் பறித்துப் பறித்துச் சுற்றத் தொடங்கியது. அவள் காதில் வைத்த கைபேசியை எடுக்காமல் தெபெபே ஒட்டியே வந்தான். அதில் மகள் மூச்சிழுப்பது மட்டும் கேட்டது.