லாபக் கண்ணி

மகள் குளிக்கப் போனதும் பொத்தான் கடைக்காரர் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னல் ஊசியை எடுத்தார். நாற்பது கண்ணி ஏறியிருந்தது. ஓரத்தில் நூலை ஒரு முறுக்கு முறுக்கி நாற்பத்தொன்றாவதைக் கோத்துவிட்டு, பூனை போல வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

செத்துப்போன மனைவி பாதியில் விட்டுப்போன ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் பாக்கி. அதை முடித்து அப்பாவுக்கு மாட்டிவிட்டு, கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவதென்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கை முடிந்தால் மனைவியும் முடிந்தாள் என்றிருந்தது இவருக்கு. படியாத பேரத்தை இழுத்தடிக்க முப்பது வருஷ வியாபாரிக்குத் தெரியாதா?

கடையில் பொத்தான் எண்ணிய வாய் மனைவிக்கு. 'ஒன்று' என்று தொடங்க வராது. 'லாபம்' என்றுதான் தொடங்குவாள். கண்ணி எண்ணும்போது பேச்சு சுவாரசியத்தில் 'லாபம்' சொன்னதை மறந்து, அடுத்ததிலிருந்து 'ஒண்ணு, ரெண்டு' என்று போய்விடுவாள். அவள் பின்னிய எதிலும் ஒரு கண்ணி கூடுதலாக, ஓரத்தில் ஒட்டாமல் நிற்கும்.

"இது யாரு, உங்க அண்ணனா? கூப்பிடாமலே வந்து நிக்குது," என்று சீண்டுவார் இவர்.

"லாபம் வந்தா வேணாம்பீங்களா? பேசாம போடுங்க," என்பாள் அவள்.

தலையில் துண்டோடு மகள் வந்தாள். எண்ணினாள். "மறுபடியும் நாப்பத்தொண்ணு! நேத்தும் பிரிச்சேனேப்பா."

"உங்கம்மா கை உனக்கு. கணக்கு எங்க வரும்?"

அவள் சிரிக்கவில்லை. பிரித்துக்கொண்டே சொன்னாள்: "நாளன்னிக்குக் கெளம்பணும். நீங்க தனியா அம்மா நாற்காலிகிட்ட பேசிட்டிருக்கறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல."

அந்தக் குரல் அவரை உறுத்தியது. மறுநாள் அவள் பத்து வரிசை பின்னி, அம்மாவின் நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது, அவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் வந்தாள். எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணு. தொட்டீங்களாப்பா?"

"இன்னிக்குத் தொடலம்மா."

"இன்னிக்கா?"

வார்த்தை வெளியே போன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மகள் கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. ஊசியை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே எண்ணுங்க."

முதல் கண்ணியில் விரலை வைத்தார். 'ஒண்ணு' என்றுதான் சொல்ல நினைத்தார்.

"லாபம்," என்றது வாய். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

சரியாக நாற்பதில் முடிந்தது.

நூலை யாரும் இழுக்கவில்லை; தளர்வாகத்தான் கிடந்தது. நாற்காலியில் இருந்த நூல்பந்து மட்டும், யாருக்கோ இன்னும் கொஞ்சம் நூல் வேண்டியிருந்ததுபோல, ஒரு சுற்று உருண்டு நின்றது.